ஒவன் இல்லாமல் கொப்ளர் வருமா, மேலே சிவந்தும் அடி மா ஏன் வேகவில்லை?

தங்கச்சி, நீங்கள் எழுதியிருந்தது கொஞ்சம்தான். ஹட்டன் பக்கம் இருக்கிறீர்கள், நாத்தனார் வீட்டு ஒவனில் ஸ்ட்ரோபெரி கொப்ளர், அதாவது பழத்தின் மேல் மாவைப் போட்டுச் சுடுகிற இனிப்பு, செய்திருக்கிறீர்கள். மேலே நன்றாகச் சிவந்தது, கரண்டி விட்டால் கீழே மா பச்சையாக நிற்கிறது, பழம் தண்ணீராக ஓடுகிறது. உங்கள் வீட்டில் ஒவனும் இல்லை, கேஸ் அடுப்பும் விறகு அடுப்பும்தான், லேசாகச் செய்ய வழி இருக்கா என்று கேட்டிருந்தீர்கள். பதிலுக்கு நாலைந்து பேர் ஆளுக்கொரு ரெசிப்பி போட்டுவிட்டார்கள், நல்ல ரெசிப்பிகள்தான். ஆனால் உங்களுக்குத் தேவை இன்னொரு ரெசிப்பி இல்லை என்று நினைக்கிறேன். அடி ஏன் வேகவில்லை, அது தெரிந்தால் ஒவன் இல்லாத வீட்டிலும் வேக வைக்க முடியுமா, உண்மையில் நீங்கள் கேட்டது இதைத்தான். முடியும். எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் நுவரெலியாவில் ஹோட்டல் குசினிகளில் பேஸ்ட்ரி பகுதியில் 22 வருடம் நின்றவன். அப்பா தோட்டத்து பங்களாவில் சமையல்காரர், அதனால் சின்ன வயதிலிருந்தே இந்த மாதிரி வெள்ளைக்காரப் புட்டிங் வகைகள் கண்ணுக்குப் பழக்கம். கொழும்பில் பயிற்சி முடித்து மலைக்குத் திரும்பி வந்த முதல் டிசம்பரில், ஐம்பது பேர் விருந்துக்கு மூன்று பெரிய தட்டில் கொப்ளர் போட்டேன். மூன்றும் உங்களுடையது மாதிரியே வந்தது, மேலே பொன்னிறம், கீழே களி. கொழும்பில் அதே அளவில் அதே கையால் செய்தது சரியாக வந்திருந்தது, அதனால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரிய சமையல்காரர் திட்டவில்லை. தட்டின் நடுவில் கரண்டியை விட்டு, "பழத்தைத் தொட்டுப் பார்" என்றார். நாற்பது நிமிடம் ஒவனில் கிடந்த பழம் நடுவில் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அன்றைக்கு விளங்கியதுதான் இன்றைக்கும் நான் சொல்ல இருப்பது: பழம் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் மா அதன் மேல் விழ வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று பாருங்கள். பச்சைப் பழத்தை அப்படியே தட்டில் பரப்பி, மேலே மாவைப் போட்டு, ஒவனுக்குள் தள்ளினால், மாவின் மேல் பக்கத்துக்கு உடனே சூடு கிடைக்கிறது. கீழ்ப் பக்கம் குளிர்ந்த, ஈரமான பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆழமான தட்டு என்றால் அந்தப் பழம் கொதி வருவதற்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பேக்கிங் பவுடர் பால் பட்டவுடனேயே வேலையைத் தொடங்கிவிடும், சூடு வரும்வரை காத்திருக்காது. கீழே கொதி வரும் நேரத்தில் அடி மாவில் இருந்த காற்றில் பாதி போய்விட்டிருக்கும், சாறும் ஊறியிருக்கும். அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் அது ரொட்டியாகாது, களியாகத்தான் நிற்கும். பழம் முதலிலேயே கொதித்தால் ஆவி கீழேயிருந்து மாவைத் தாக்கும், இட்லி வேகிற மாதிரி அடியும் வெந்துவிடும். சாறு ஓடுவதற்கும் மருந்து இதுவேதான். சோள மா கரைத்து ஊற்றினால் மட்டும் சாறு இறுகாது, அது நன்றாகக் குமிழ் விட்டு ஒன்றிரண்டு நிமிடமாவது கொதித்தால்தான் இறுகும். தட்டின் ஓரத்தில் மட்டும் குமிழ் வந்து நடுவில் வராவிட்டால், நடுப்பகுதி தண்ணீராகத்தான் இருக்கும்.

இதோடு நம்முடைய மலை வேறு சேர்ந்துகொள்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், ஹட்டன் ஏறக்குறைய 1,270. உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சீக்கிரம், குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிப்பது ஹட்டனில் 96 அளவிலும் நுவரெலியாவில் 94 அளவிலும் கொதிக்கும். பருப்பு இங்கே ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வீட்டில் பேசுவார்களே, அதே கதைதான். கொதிப்பது போலத் தெரியும், ஆனால் சூடு குறைவு, அதனால் பழம் குழைவதற்கும் சாறு இறுகுவதற்கும் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். பேக்கிங் பவுடர் இதற்கு நேர்மாறு. அழுத்தம் குறைந்த இடத்தில் அதே அளவு காற்று கூடுதலாக விரியும், மா சட்டென்று உப்பி, வெந்து கெட்டியாவதற்கு முன்பே அமுங்கிவிடும். இவ்வளவும் சந்தேகமில்லாத விஷயம். பவுடரை எவ்வளவு குறைப்பது என்பதில்தான் ஒவ்வொருவர் கணக்கு ஒவ்வொரு மாதிரி. ஒரு கப் மாவுக்குக் கீழ்நாட்டில் ஒன்றரைத் தேக்கரண்டி என்றால் ஹட்டனில் ஒன்றே கால், நுவரெலியாவில் ஒன்று, என் கைக்கு வந்த கணக்கு இது. நீங்கள் வாங்கும் பவுடர் பழையதாக இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். அதனால் ஒரு தேக்கரண்டி பவுடரைச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள், பொங்கி நுரைத்தால் சரி, சோம்பலாகக் குமிழ் விட்டால் அந்த டப்பாவை விட்டுவிடுங்கள்.

ஒவன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கொப்ளர் என்பதே சரியான ஒவன் இல்லாதவர்கள் வளர்த்த பண்டம். அமெரிக்காவில் குடியேறியவர்கள் கனமான இரும்புச் சட்டியில் பழத்தைப் போட்டு, மேலே மாவை வைத்து, மூடியின் மேல் தணலைக் கொட்டிச் சுட்டார்கள். 1839இல் கென்டக்கிப் பெண்மணி ஒருவர் எழுதிய சமையல் புத்தகத்திலேயே பீச் கொப்ளர் இருக்கிறது, விருந்தாளிகளுக்கு வைக்கிற அளவுக்கு நாகரிகமானது இல்லை, வீட்டாருக்கு மிக நல்லது என்று அவரே எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் வடகிழக்கில் இதற்கு ஒரு உடன்பிறப்பு உண்டு, கிரண்ட் என்பார்கள், சில ஊரில் ஸ்லம்ப். பழத்தை அடுப்பின் மேலேயே கொதிக்க வைத்து, மேலே மா உருண்டைகளைப் போட்டு, மூடி ஆவியில் அவிப்பது. மூடிக்குள் பழம் முனகுகிற சத்தத்தால் அந்தப் பெயர் என்கிறார்கள். கொப்ளர் என்ற பெயருக்கோ இரண்டு மூன்று விளக்கம் உண்டு, கல் பாவிய தெரு மாதிரி மேடும் பள்ளமுமாக இருப்பதால் என்பது அதில் ஒன்று, உறுதியான முடிவு கிடையாது. உங்களுக்கு நான் முதலில் சொல்வது கிரண்ட் வழிதான், கேஸ் அடுப்பும் மூடி இறுக்கமாக உள்ள ஒரு சட்டியும் போதும்.

அடி கனமான, அகலமான சட்டி எடுங்கள். 240 மில்லி கப்பில் நாலு கப் வெட்டிய பழம், அரைக் கப் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி, கறுவாப்பட்டை ஒரு துண்டு, அரைக் கப் தண்ணீர் எல்லாம் போட்டு அடுப்பில் வையுங்கள். அது சூடேறுகிற நேரத்தில் ஒரு கப் கோதுமை மாவில் ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒன்றே கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு கலந்து, குளிர்ந்த பட்டர் இரண்டு மேசைக்கரண்டியை விரல் நுனியால் பிசறிவிடுங்கள், ரவை மாதிரி உதிரியாக வரும். நம்மூர்க் குளிருக்கு பட்டர் தானாகவே கல் மாதிரி இருக்கும், கொழும்பில் இதற்காகவே ஐஸ் தேட வேண்டும், இந்த ஒரு விஷயத்தில் மலை நமக்குச் சாதகம். மாஜரினும் சரிதான், ஆனால் அதில் உப்பு இருக்கும், தனி உப்பை விட்டுவிடுங்கள். பாலை இப்போது ஊற்ற வேண்டாம். பழம் நன்றாகக் கொதித்து, இளகியபின், ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஸ்ட்ரோபெரி என்றால் இரண்டு மேசைக்கரண்டி, கிளறி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். சோள மா இல்லை என்றால் கஸ்டர்ட் பவுடர் போடலாம், அதுவும் பெரும்பாலும் வாசனை சேர்த்த சோள மாதான். இந்த நேரத்தில்தான் மாவில் பாலை ஊற்ற வேண்டும், அரைக் கப்புக்குக் கொஞ்சம் குறைவாக. கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழுகி விழ வேண்டும், ரொட்டி மா மாதிரி கெட்டியாக இருக்கக்கூடாது. பிசைய வேண்டாம், ஏழெட்டுத் தடவை கிளறினால் போதும், அங்கங்கே உலர்ந்த மா தெரிந்தாலும் பரவாயில்லை.

கொதிக்கிற பழத்தின் மேல் கரண்டி கரண்டியாக ஏழெட்டு உருண்டை விடுங்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி இருக்கட்டும். ஆவி மேலே வர அந்த இடைவெளிதான் வழி, பழம் தெரியாமல் மாவால் மூடிவிடுவது பலரும் செய்கிற பிழை. மூடியின் உள்பக்கம் ஒரு சுத்தமான துணியைக் கட்டி, நுனிகளை மேலே முடிந்து, தீப்படாமல் மூடுங்கள். துணி இல்லாவிட்டால் மூடியில் சேரும் தண்ணீர் சொட்டி மேல்பக்கம் பிசுபிசுக்கும். தீயைக் குறைத்து 18 நிமிடம், நுவரெலியா பக்கம் என்றால் 20. நடுவில் திறந்து பார்க்கக் கூடாது, எனக்கும் கை துறுதுறுக்கும், ஆனால் ஆவி போனால் உருண்டை அமுங்கிவிடும். அப்புறம் ஒரு உருண்டையைப் பிட்டுப் பாருங்கள், உள்ளே பாணின் நடுப்பகுதி மாதிரி இருக்க வேண்டும். இது சிவக்காது, வெள்ளையாகத்தான் இருக்கும். சிவப்பு வேண்டுமென்றால் ஒரு மேசைக்கரண்டி சீனியில் கறுவாத்தூள் கலந்து மேலே தூவுங்கள், கண்ணுக்கும் நாக்குக்கும் அந்தக் குறை தெரியாது.

விறகு அடுப்பில் சிவக்க வைக்கவும் வழி இருக்கிறது, அப்பா செய்தது அதுதான். கனமான சட்டியில் இதே பழம், இதே மா, மூடி தட்டையான தகரம். மூடியின் மேல் சிரட்டைக் கரித் தணல், கீழே கொஞ்சம். அப்பம் சுடும்போது மேலேயும் கீழேயும் நெருப்பு வைப்பார்களே, அதே முறை. தணலில் மூன்றில் இரண்டு பங்கு மேலே இருக்க வேண்டும், கீழே ஒரு பங்கு, இதை மாற்றினால் பழத்தின் சீனி அடியில் கருகிக் கசந்துவிடும். 25 நிமிடத்தில் ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பாருங்கள். ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். குளிருக்காகக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு லயத்துக் குசினிக்குள் கரி எரிக்காதீர்கள், தணலிலிருந்து வரும் நச்சுக்காற்றுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், வெளியே செய்தால் இன்னும் நல்லது.

நாத்தனார் வீட்டு ஒவனில் மறுபடி செய்தால், பழத்தை அடுப்பிலேயே கொதிக்க வைத்து, இறுக்கி, கொதிக்கக் கொதிக்கத் தட்டில் ஊற்றி, உடனே மாவைப் போட்டு, 200 பாகையில் 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். கண்ணாடித் தட்டு என்றால் முதலில் சுடுதண்ணீரில் வைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள், குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் பழத்தை ஊற்றினால் வெடிக்கலாம். மா ஒன்றரை சென்டிமீற்றருக்கு மேல் தடிக்க வேண்டாம். மேசை ஒவன்களில் மேல் கம்பி மிகவும் பக்கத்தில் இருக்கும், அதுதான் உங்களுக்கு மேலே சீக்கிரம் சிவந்ததற்கு இன்னொரு காரணமாக இருக்கலாம். அந்த ஒவனை நான் பார்க்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, கீழ்க் கம்பியை மட்டும் முதல் 15 நிமிடம் போட்டால் தெரிந்துவிடும். வெளியே எடுத்தபின் அரை மணி நேரம் ஆற விடுங்கள், சாறு ஆறும்போதுதான் முழுதாக இறுகும். சுடச்சுடத் தோண்டினால் எந்தக் கொப்ளரும் ஓடத்தான் செய்யும்.

பழம் என்று பார்த்தால், ஸ்ட்ரோபெரி நுவரெலியாவின் பெருமை, ஆனால் முதல்முறை செய்கிறவருக்கு அது கடினமான பழம். தண்ணீர் அதிகம், சூட்டில் நிறமும் வெளுத்துவிடும், விலையும் கை சுடும். செய்யத்தான் வேண்டும் என்றால் ஜாமுக்கு என்று மலிவாகக் கொடுக்கும் சின்னப் பழம் வாங்குங்கள், வெட்டிச் சீனி தூவி ஒரு மணி நேரம் வைத்து, வடிந்த சாற்றை மட்டும் முதலில் கொதிக்க வைத்து வற்றவிட்டு, பழத்தைக் கடைசியில் போடுங்கள். தண்ணீர் சேர்க்கவே வேண்டாம். நான் உங்களுக்குச் சொல்வது அன்னாசி. சாறு அளவோடு வரும், வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும், இஞ்சியும் கறுவாவும் அதற்கு நன்றாகச் சேரும். பச்சை அன்னாசி பால் பட்டால் கசக்கும், கொதித்தபின் அந்தக் கசப்பு வராது, அதனால் இங்கேயும் முதலில் கொதி. நம்மூர்ப் பேரிக்காய், பாதையோரம் குவித்து விற்பது, கடிக்க முடியாத அளவு கடினம், ஆனால் கொப்ளருக்கு அதைவிட நல்ல பழம் எனக்குத் தெரியாது. தோல் சீவி, மெல்லியதாக வெட்டி, கராம்பு இரண்டு போட்டு அரை மணி நேரம் மூடி வேக வையுங்கள், சீனிக்குப் பதில் கித்துள் பாணி, அதுதான் கித்துள் மரத்துப் பாகு, ஊற்றினால் வீடே மணக்கும். மரத்தக்காளியும் நல்லது, ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டுத் தோலை உரித்துவிடுங்கள், தோல் கசக்கும். அது புளிப்பு என்பதால் சீனியை முக்கால் கப்பாக்குங்கள். இப்படி மிகப் புளிப்பான பழத்தில் சோள மாவை அதிக நேரம் கொதிக்க விட்டால் இறுகினது மறுபடி இளகும். ஊறவைத்த சவ்வரிசி இரண்டு மேசைக்கரண்டி அதற்குப் பதிலாகப் போடலாம், பழத்தோடு கூடவே கொதித்துக் கண்ணாடி மாதிரி வெந்தபின் உருண்டையை விடுங்கள். வாழைப்பழத்துக்குச் சாறே கிடையாது, அரைக் கப் தேங்காய்ப்பாலும் பாணியும் சேர்த்துக் கொதிக்க வைத்து, கொஞ்சம் உறுதியான பழமாகப் போடுங்கள். பழுத்த வருக்கைப் பலாவும் இதே வழியில் வரும். பட்டர் புரூட்டை மட்டும் தொடாதீர்கள், சூடு பட்டால் கசந்துவிடும். டின் பீச் என்றால் பழம் ஏற்கெனவே வெந்தது, பாகில் பாதியை வடித்துவிட்டு, சீனி சேர்க்காமல், கொதி வந்ததும் மாவைப் போடுங்கள்.

பழம் கிடைக்காத மாதத்தில் வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளிக்கிழங்கு) இருக்கிறது, அமெரிக்காவின் தென்பகுதியில் அதைக் கொப்ளருக்குப் போடுவது பழைய வழக்கம். மெல்லிய வட்டமாக வெட்டி, முக்கால் வேக்காடு அவித்து, சீனியும் பட்டரும் சாதிக்காயும் சேர்த்த பாகில் கொதிக்க விட்டு மேலே மா. பிள்ளைகளுக்கு என்றால் கொக்கோ கொப்ளர். அதில் பழமே இல்லை. மா ஒரு கப், சீனி அரைக் கப், கொக்கோ இரண்டு மேசைக்கரண்டி, பவுடர் ஒன்றே கால் தேக்கரண்டி, பால் அரைக் கப், உருகிய பட்டர் நாலு மேசைக்கரண்டி கலந்து தட்டில் ஊற்றி, மேலே அரைக் கப் சீனியும் கால் கப் கொக்கோவும் தூவி, ஒன்றரைக் கப் கொதிநீரை மெதுவாக ஊற்றி, கிளறாமல் அப்படியே 180 பாகையில் 35 நிமிடம். தண்ணீர் அடியில் போய்க் குழம்பாகும், கேக் மேலே எழும்பும். இது ஒவனில்தான் ஒழுங்காக வரும். உருக்கிய பட்டரில் மாக்கரைசலை ஊற்றி மேலே பழம் போடுகிற வகையும் உண்டு, பதில்களில் இரண்டு பேர் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், கீழ்நாட்டில் மிக லேசான வழி. மலையில் எனக்கு அது நாலுக்கு ஒரு தடவை நடுவில் அமுங்கியிருக்கிறது, உங்களுக்குக் கை பழகியபின் முயற்சி செய்யுங்கள்.

மீந்தால் ஃபிரிஜ்ஜில் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் உருண்டைகளைத் தனியாக எடுத்து, பாதியாகப் பிளந்து, தோசைக்கல்லில் கொஞ்சம் பட்டர் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி, பழத்தைச் சூடாக்கி மேலே ஊற்றிச் சாப்பிடுங்கள், எங்கள் வீட்டில் இதற்காகவே இரண்டு உருண்டை கூடப் போடுவோம். முதல்முறை அன்னாசியில் செய்து பார்த்துவிட்டு, என்ன சட்டி, எவ்வளவு நேரம் வைத்தீர்கள், உருண்டையைப் பிட்டால் உள்ளே எப்படி இருந்தது என்று எழுதுங்கள், அதைப் பார்த்து அளவை மாற்றிச் சொல்கிறேன்.